சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு நல்ல காரியத்துக்காக சைக்கிள்: முதல் முறை போகிறவர்களுக்கு

திருவான்மியூரில் ஏறி மிதித்தால் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி கடற்கரை வரை ஏறக்குறைய 145 கி.மீ. இந்தப் பயணத்துக்கு நான்கு முறை கிளம்பியிருக்கிறேன், நான்கும் ஒரே காரியத்துக்காக. புற்றுநோய் சிகிச்சைக்கு வெளியூரிலிருந்து சென்னை வரும் குழந்தைகளும் அவர்களுடைய அப்பா அம்மாவும் காசு கொடுக்காமல் தங்கிச் சாப்பிட சிலர் ஒரு வீடு நடத்துகிறார்கள், அந்த வீட்டின் செலவுக்கு. ஒவ்வொரு வருடமும் யாராவது இரண்டு மூன்று பேர் "நானும் வரட்டுமா, என்ன செய்யணும்?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் எல்லோருக்கும் சைக்கிளைப் பற்றித்தான் பயம். என் அனுபவத்தில் மிதிப்பது பாதி வேலை, அதுவும் சுலபமான பாதி. மற்றவர்களிடம் போய்ப் பணம் கேட்பதும், கேட்ட பணத்துக்குக் கணக்குச் சொல்வதும்தான் பெரிய வேலை. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

யாருக்காக, யாரோடு

முதலில் காரியத்தைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் தேதி. நீங்கள் நேரில் போய்ப் பார்த்த இடமாக இருந்தால் கேட்கும்போது வார்த்தை தானாக வரும். ஒரு அரை நாள் ஒதுக்கிப் போய் உட்கார்ந்து, உங்களுக்கு எதற்குப் பணம் தட்டுப்பாடு, ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகிறது, என்ன வாங்கிக் கொடுத்தால் வேண்டாம் என்பீர்கள், எல்லாவற்றையும் கேளுங்கள். நான் முதலில் போனபோது பொம்மை, போர்வை எல்லாம் நிறைய வருகிறது, மளிகைக்கும் கரண்ட் பில்லுக்கும்தான் ஆள் இல்லை என்றார்கள். அந்த ஒரு வரியை வைத்துத்தான் இன்றுவரை பணம் கேட்கிறேன்.

ஏற்கெனவே யாரோ ஏற்பாடு செய்திருக்கும் பயணத்தில் சேர்கிறீர்கள் என்றால் பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். கட்டணத்தில் எவ்வளவு டீ ஷர்ட்டுக்கும் சாப்பாட்டுக்கும் போகிறது, எவ்வளவு உண்மையில் நன்கொடையாகப் போகிறது? பின்னாலேயே வரும் வண்டி உண்டா, எத்தனை பேருக்கு ஒரு வண்டி? ஆம்புலன்ஸ்? வழியில் இருக்கும் காவல் நிலையங்களுக்குத் தகவல் கொடுத்திருக்கிறார்களா? விபத்துக் காப்பீடு யார் பொறுப்பு? ஓட்ட முடியாமல் நிறுத்தினால் சைக்கிளோடு ஏற்றிக்கொள்வார்களா? நல்ல ஏற்பாட்டாளர் இதற்கெல்லாம் சலிக்காமல் பதில் சொல்வார், கேட்டதே தப்பு என்பது போல மழுப்பினால் அவரோடு போக வேண்டாம். நான்கைந்து நண்பர்களாகச் சேர்ந்து போவதிலும் குறை ஒன்றும் இல்லை, ஆனால் பின்னால் ஒரு காரோ வேனோ கட்டாயம் வேண்டும், அதை ஓட்டுபவர் உங்கள் வேகத்தில் நாள் முழுக்க வரும் பொறுமை உள்ளவராக இருக்க வேண்டும்.

பணம் கேட்பது

உங்கள் சொந்தக் கணக்கில் பணம் வாங்காதீர்கள். முதல் வருடம் நான் வாங்கினேன். எல்லோரும் என் எண்ணுக்கு ஜிபே செய்தார்கள், அதோடு மளிகைக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்தது, தம்பி அனுப்பியது எல்லாம் கலந்து, எது நன்கொடை எது நம் காசு என்று பிரிக்க மூன்று இரவு ஆனது. கடைசியில் 1,100 ரூபாய் யாருடையது என்று தெரியவே இல்லை, அதை என் கையிலிருந்து சேர்த்துக் கட்டினேன். ரசீதும் கொடுத்தவர் பெயரில் வராது, உங்கள் பெயரில்தான் வரும். நிறுவனத்தின் கணக்குக்கே நேராக அனுப்பச் சொல்லுங்கள், குறிப்பில் உங்கள் பெயரையோ பயணத்தின் பெயரையோ போடச் சொல்லுங்கள், வாரத்துக்கு ஒரு முறை அவர்களிடம் பட்டியல் வாங்கிச் சரிபாருங்கள்.

அந்த நிறுவனத்துக்கு 80ஜி பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கொடுப்பவருக்கு வருமான வரியில் கழிவு கிடைக்கும், ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். புதிய முறைக்கு மாறியவர்களிடம் "வரி மிச்சமாகும்" என்று சொல்லிக் கேட்காதீர்கள், அது தவறான தகவல். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கழிவு கிடையாது. ரசீதுக்கு முழுப் பெயர், முகவரி, பான் எண் மூன்றும் வேண்டும். பான் எண்ணை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லாமல் அவர்களே நேராக நிறுவனத்துக்கு அனுப்பும்படி செய்யுங்கள்.

வெளிநாட்டு உறவினர் விஷயத்தில் கவனம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் அண்ணன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. கனடா குடியுரிமை வாங்கிவிட்ட அத்தை அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி. வெளிநாட்டு நிதி வாங்க அரசிடம் எஃப்சிஆர்ஏ பதிவு பெற்ற நிறுவனம் மட்டும்தான், அதற்கென்று வைத்திருக்கும் கணக்கில்தான் அதை வாங்க முடியும். அத்தையின் பணத்தை நான் வாங்கி மாற்றிக் கொடுக்கிறேன் என்று இறங்காதீர்கள், நல்லது செய்யப்போய் அந்த நிறுவனத்தைச் சிக்கலில் மாட்டிவிடுவீர்கள். எங்கள் வீட்டில் அத்தையிடம் இதைச் சொன்னபோது அவர் பணத்துக்குப் பதிலாக இருபது பேருக்கு போன் செய்து எனக்காகக் கேட்டார், அது இன்னும் பெரிய உதவியாக இருந்தது.

எப்படிக் கேட்பது? ஒவ்வொருவராக, பெயர் சொல்லி. குழுவில் ஒரு போஸ்டர் போட்டால் கைகூப்பும் பொம்மைகள் வரும், பணம் வராது. முதல் தொகையை நீங்களே போடுங்கள், பட்டியல் காலியாக இருந்தால் யாருக்கும் ஆரம்பிக்கத் தயக்கம். அப்புறம் கண்டிப்பாகக் கொடுப்பார்கள் என்று தெரிந்த ஐந்து பேர், அப்புறம் மற்றவர்கள். என் பெரியப்பாவுக்கு அனுப்பியது இப்படி இருந்தது:

"பெரியப்பா, வணக்கம். ஜனவரி கடைசி ஞாயிறு சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு சைக்கிளில் போகிறேன். சிகிச்சைக்கு வரும் குழந்தைகள் தங்கும் ஒரு வீட்டுக்காகப் பணம் சேர்க்கிறேன், நானே போய்ப் பார்த்த இடம். ஒரு குடும்பம் ஒரு நாள் தங்கிச் சாப்பிட 600 ரூபாய் ஆகிறது என்றார்கள். நீங்கள் ஒரு நாள் செலவை ஏற்றுக்கொள்ள முடியுமா? பணம் நேராக அவர்கள் கணக்குக்கே போகும், விவரம் கீழே. நான் நடுவழியில் நிறுத்த நேர்ந்தாலும் பணம் அவர்களுக்குத்தான்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கி.மீ.க்கு இவ்வளவு என்று பேசி வாங்கும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும், கி.மீ.க்கு 10 ரூபாய் என்றால் 1,450 ரூபாய், கொடுப்பவருக்கும் ஒரு சுவாரஸ்யம். மூன்றாவது வருடம் நானும் அப்படித்தான் வாங்கினேன். கடப்பாக்கம் தாண்டி இரண்டு தொடையிலும் தசை பிடித்துக்கொண்டது, தலை சுற்றியது, வியர்வை நின்றுபோனது. நிறுத்தியிருக்க வேண்டும். மீதி 50 கி.மீ.க்கு எத்தனை பேர் எவ்வளவு சொல்லியிருந்தார்கள் என்ற கணக்கு மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததால் இன்னும் 9 கி.மீ. மிதித்தேன், கடைசியில் சாலையோரம் உட்கார்ந்தவனை நண்பர்கள் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்து சலைன் ஏற்ற வேண்டியதாயிற்று. பணம் கொடுத்தவர்களில் ஒருவர்கூட அப்படி ஓட்டச் சொல்லவில்லை. என் உடம்பு தாங்குமா தாங்காதா என்பதோடு குழந்தைகளின் சாப்பாட்டுச் செலவை முடிச்சுப் போட்டது நான்தான். அதிலிருந்து முழுத் தொகையாகவே கேட்கிறேன், பயணத்துக்கு முன்னாலேயே வாங்கிவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இல்லை என்பவர்களிடம் இரண்டாவது முறை கேட்க வேண்டாம். பதிலே போடாதவர்களுக்கு மட்டும் பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல் போதும். மறந்திருப்பார்கள், அவ்வளவுதான். கொடுக்க மாட்டார்கள் என்று நீங்களே முடிவு செய்து யாரையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அண்ணனிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை, சைக்கிள் எதற்கு என்று அவரே விசாரித்து 50 ரூபாய் எடுத்து வைத்தார், "என்கிட்ட மட்டும் ஏன் தம்பி கேக்கல?" என்றார்.

சைக்கிள்

புதிதாக வாங்க வேண்டியதில்லை. கியர் உள்ள ஹைபிரிட் சைக்கிள் போதும், இந்தச் சாலையில் மலை கிடையாது, இருக்கும் ஏற்றமெல்லாம் பாலங்கள்தான். தடிமனான முள் டயர் போட்ட எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) என்றால் டயரை மட்டும் வழவழப்பான மெல்லிய டயராக மாற்றிக்கொள்ளுங்கள், அதிலேயே பெரிய வித்தியாசம் தெரியும். சீட்டு உயரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து அதை அடிமட்டத்துக்கு இறக்கினால் கால் நேராக வேண்டும், அப்போது விரல்பகுதியை வைத்து மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும். நம் ஊரில் பாதிப் பேர் சீட்டைத் தாழ வைத்து ஓட்டி முழங்கால் வலியோடு திரும்புகிறார்கள். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் சர்வீஸ் செய்துவிடுங்கள், முந்தின நாள் செய்யாதீர்கள், புதிதாக மாட்டிய கேபிள் தளர்ந்து கியர் நடுவழியில் தாவும்.

வால்வைப் பாருங்கள். மெல்லியதாக, நுனியில் குட்டித் திருகு இருந்தால் அது பிரெஸ்டா வால்வு. மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பஞ்சர் கடைக் குழாய் அதில் மாட்டாது. இது தெரியாமல் மரக்காணத்தில் ஒரு கடையில் நானும் கடைக்கார அண்ணனும் கால் மணி நேரம் போராடியிருக்கிறோம். அதற்கென்று விரல்நுனி அளவில் ஒரு பித்தளை அடாப்டர் விற்கிறது, விலை மிகக் குறைவு, இரண்டு வாங்கி ஒன்றைப் பையிலும் ஒன்றை வால்விலேயே திருகியும் வையுங்கள். இரண்டு டியூப், டயர் கழற்றும் நெம்பு, ஒட்டுப்போடும் சாமான், கைப்பம்ப், அலன் கீ செட், இவ்வளவும் சீட்டுக்கடியில் தொங்கும் சின்னப் பையில் அடங்கும். வீட்டில் உட்கார்ந்து பின்சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றி மாட்டுவதை மூன்று முறையாவது செய்து பாருங்கள். இருட்டில் சாலையோரத்தில் முதல் முறையாகக் கற்றுக்கொள்ளும் வேலை அல்ல அது.

பேட் வைத்த ஷார்ட்ஸ் ஒன்று கட்டாயம், அதற்குள் ஜட்டி போடக் கூடாது, தையல் உராய்ந்து புண்ணாகும். தொடையிடுக்கில் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொள்ளுங்கள். ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு. புதிய ஷூ, புதிய ஷார்ட்ஸ், புதிய சீட்டு எதையும் அன்றைக்கு முதல் முறையாகப் போடாதீர்கள்.

பழகுவது

பன்னிரண்டு வாரம் இருந்தால் யாரும் தயாராகலாம். வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட ஓட்டம். அந்த ஞாயிறு தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு பாலம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 40 கி.மீ., மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 90. இந்த இரண்டுக்கும் நடுவில் கோவளம், திருவிடந்தை என்று இலக்கை ஒவ்வொரு வாரமும் தள்ளிவைக்கலாம். மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் குறைத்து ஓட்டுங்கள். 100, 110 கி.மீ. ஒரே நாளில் ஓட்டிப் பார்த்தவருக்கு 145 நிச்சயம் வரும், முழுத் தூரத்தையும் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. கடைசி இரண்டு வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள். போதாது என்ற பயத்தில் கடைசி வாரம் நீண்ட ஓட்டம் போனவர்கள் களைத்த காலோடு கிளம்பி மாமல்லபுரத்திலேயே வண்டியில் ஏறியதைப் பார்த்திருக்கிறேன்.

மிதிக்கும்போது கனமான கியரில் அழுத்தி மிதிக்காமல் லேசான கியரில் வேகமாகக் காலைச் சுற்றப் பழகுங்கள், நிமிடத்துக்கு 80 சுற்று நல்ல கணக்கு. பக்கத்தில் இருப்பவரோடு மூச்சிரைக்காமல் பேச முடிகிற வேகம்தான் நாள் முழுக்கத் தாங்கும் வேகம். இதய நோய், சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்களும், நாற்பது தாண்டி இப்போதுதான் ஆரம்பிக்கிறவர்களும் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னும் முறையாகப் போக ஆசை இருந்தால், குறித்த நேரத்துக்குள் நீண்ட தூரம் முடிக்கும் அவுடாக்ஸ் சைக்கிள் ஓட்டங்களைப் பாருங்கள், 200 கி.மீ.யைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். அதை முடித்தவர்களுக்குப் புதுச்சேரி பயணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உலா. ஆனால் நம் பயணத்தில் நேரக் கணக்கு யாரும் வைப்பதில்லை, வைக்கவும் வேண்டாம்.

தண்ணீரும் சாப்பாடும்

மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை, வெயில் ஏறினால் இன்னும் கொஞ்சம். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும், அதனால் ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு பாட்டில் ஓஆர்எஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி என்று போட்ட பொட்டலமாகப் பார்த்து வாங்குங்கள், ஓஆர்எஸ் போலவே தெரியும் இனிப்புப் பான டப்பாக்கள் வேறு சமாசாரம். ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும், திக்காகக் கலந்தால் வயிற்றைப் புரட்டும். இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம் அளவுக்குச் சோடியம் கிடையாது, வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். இளநீரோடு ஒரு கடி உப்புப் பிஸ்கட்டோ, அடுத்த கடையில் உப்புப் போட்ட மோரோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

பசிப்பதற்கு முன்னால் சாப்பிட வேண்டும். மணிக்கு ஒரு முறை ஒரு வாழைப்பழம், அல்லது இரண்டு கடலை மிட்டாய், அல்லது நான்கு பேரீச்சம்பழம். ஓரிடத்தில் உட்கார்ந்து பூரி, பொங்கல், வடை என்று கட்டினால் அடுத்த ஒரு மணி நேரம் கால் ஓடாது. மாமல்லபுரத்தில் இட்லி மூன்று, போதும். புளித்த ஏப்பம் வரும் எதையும் அன்றைக்குத் தொடாதீர்கள்.

அந்த நாள், அந்தச் சாலை

என் அனுபவத்தில் ஜனவரி பிற்பாதிதான் இந்தத் திசைக்கு நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும் காற்று முதுகில் தள்ளும். மார்ச், ஏப்ரலில் தெற்கிலிருந்து காற்று வந்தால் அதே தூரத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும், மேட்டில் ஏறுவது போலக் கால் கடுக்கும். காணும் பொங்கலை ஒட்டிய நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள், மாமல்லபுரத்துக்குப் போகும் கூட்டத்தில் சாலை நிரம்பி வழியும்.

காலை நான்கு, நான்கரைக்குள் கிளம்புங்கள். மணிக்கு 20 கி.மீ. என்று ஓட்டினால் மிதிக்க மட்டும் ஏழு மணி நேரத்துக்கு மேல், நிற்பதையும் சேர்த்தால் ஒன்பது பத்து மணி நேரம். பத்து மணி வெயிலுக்கு முன்னால் எவ்வளவு தூரம் கடக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. இருட்டில் நாய்கள் துரத்தும். வேகம் கூட்டித் தப்பிக்கப் பார்க்காமல் மெதுவாக்கி, அதட்டி, தேவைப்பட்டால் இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிளை வைத்து நடங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். உத்தண்டி டோல்கேட் வரை தெரு விளக்கும் கடைகளும் இருக்கும், அதற்கப்புறம் இருட்டு அடர்த்தி. முட்டுக்காடு பாலத்தில் விடியலுக்கு முன் காற்று சில்லென்று அடிக்கும், அங்கே எல்லோரும் படம் எடுக்க நிற்பார்கள். நிற்பதானால் பாலத்தைத் தாண்டி, சாலையை விட்டு இறங்கி நில்லுங்கள்.

ஒருவர் பின் ஒருவராக, இடது ஓரமாக ஓட்டுங்கள், ஆனால் மண்ணும் கண்ணாடித் துண்டும் குவிந்திருக்கும் கடைசி ஓரத்துக்கு ஒதுங்க வேண்டாம், வெள்ளைக் கோட்டை ஒட்டி ஓட்டுவது பாதுகாப்பு. முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கையால் காட்ட வேண்டும், பின்னால் வருபவர் அதைத் தனக்குப் பின்னால் வருபவருக்குக் காட்ட வேண்டும். காதில் பாட்டு வேண்டவே வேண்டாம், பின்னால் வரும் பஸ்ஸின் சத்தம்தான் உங்கள் கண்ணாடி. கிராமங்களுக்கு முன்னால் வேகத்தடைகளும் இரும்புத் தடுப்புகளும் திடீரென்று வரும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே நான்கு வழிச் சாலையாக்கும் வேலை நடந்ததால் மாற்றுப்பாதை, ஜல்லி, உயரம் மாறும் விளிம்பு எல்லாம் பார்த்திருக்கிறேன். முந்தின வாரம் காரிலோ பைக்கிலோ ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் நிறைய உதவும்.

கல்பாக்கம் தாண்டி பாலாற்றுப் பாலத்தில் பக்கக் காற்று பிடித்துத் தள்ளும், ஹேண்டிலை இறுக்காமல் முழங்கையைத் தளர்வாக வைத்துக்கொண்டு, மற்றவரிடமிருந்து இரண்டு சைக்கிள் தூரம் விட்டு ஓட்டுங்கள். அதற்கப்புறம்தான் பயணம் தொடங்குகிறது என்று சொல்வேன். மாமல்லபுரம் வரை கூட்டம், பேச்சு, கடை, காலில் தெம்பு எல்லாம் இருக்கும். பாலாற்றுக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் சாலை நேராக நீளும், நிழல் குறையும், கூட வந்தவர்கள் பிரிந்து தனியாகிவிடுவீர்கள். கடப்பாக்கத்தில், ஆலம்பரைக் கோட்டைக்குப் பிரியும் இடத்துக்குப் பக்கத்தில், கண்டிப்பாக இருபது நிமிடம் நில்லுங்கள். ஷூவைக் கழற்றுங்கள், தலையில் தண்ணீர் ஊற்றுங்கள், வயிற்றுக்கு ஏதாவது போடுங்கள். அடுத்து வருவது மரக்காணத்து உப்பளங்கள், வெள்ளைவெளேரென்று பாத்திகள், கண் கூசும், ஒதுங்க மரம் இருக்காது.

அங்கே உடம்பு சொல்வதைக் கேளுங்கள். தசைப்பிடிப்பு மட்டும் என்றால் இறங்கி நீவி, உப்பு கலந்த தண்ணீர் குடித்து, மெதுவாகத் தொடரலாம். தலைசுற்றல், குமட்டல், வெயிலிலும் குளிர் எடுப்பது போல மயிர்க்கூச்செறிதல் வந்தால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது, வேனில் ஏறுங்கள். யாராவது சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தோல் அனலாகக் கொதித்தாலோ நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். பணம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. மீதி 35 கி.மீ.க்கு நீங்கள் யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை.

ஓட்ட முடிகிறவர்களுக்கு மரக்காணம் தாண்டினால் மனது லேசாகிவிடும். காலாப்பட்டில் பல்கலைக்கழக வாசலைப் பார்த்ததும் வந்துவிட்டோம் என்று வேகம் கூட்டத் தோன்றும், கூட்டாதீர்கள். அங்கிருந்து ஊருக்குள் போகும் வரைதான் ஆட்டோ, பஸ், குறுக்கே திரும்பும் பைக் எல்லாம், களைத்த கண்ணுக்கு எதுவும் சீக்கிரம் படாது. எங்கள் குழுவில் இதுவரை நடந்த இரண்டு விழுதலும் கடைசி பத்து கி.மீ.யில்தான்.

வந்து சேர்ந்த பிறகு

கடற்கரையில் போய்த் தொப்பென்று உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். மோர், சோறு, பருப்பு. அன்றைக்கே காரோ பைக்கோ ஓட்டித் திரும்பக் கூடாது, தூங்கிவிடுவீர்கள். சைக்கிள்களை மினி லாரியில் அனுப்புவதானால் பெடல்களைக் கழற்றி, பழைய போர்வையை நடுவில் வைத்து, கியர் பக்கம் வெளியே தெரியும்படி அடுக்கச் சொல்லுங்கள், ஒன்றின் மேல் ஒன்று சாய்த்துக் கட்டினால் கியர் கொக்கி வளைந்துதான் வந்து சேரும். உப்புக்காற்றில் ஒரு நாள் ஓடிய செயினைத் துடைத்து எண்ணெய் விடாமல் வைத்தால் ஒரே வாரத்தில் துரு.

அடுத்த வாரத்துக்குள் பணம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, அது எதற்குச் செலவாகப்போகிறது, நீங்கள் எதுவரை ஓட்டினீர்கள், மூன்று வரி போதும். நடுவில் நிறுத்தியிருந்தால் அதையும் சொல்லுங்கள். மூன்றாவது வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து நான் அனுப்பியதற்குத்தான் எல்லா வருடத்தையும்விட அதிகப் பதில் வந்தது. அந்தக் குழந்தைகளின் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள், நோயோடு இருக்கும் ஒரு பிள்ளையின் முகத்தைக் காட்டி நன்றி சொல்ல வேண்டியதில்லை, சமையலறை அலமாரியில் அடுக்கிய அரிசி மூட்டையின் படம் போதும். ரொக்கமாகக் கொடுத்தவர்களிடம் ரசீதை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். இஸ்திரி அண்ணன் அவருடைய 50 ரூபாய் ரசீதை வண்டியின் உள்பக்கப் பலகையில் ஒட்டி வைத்திருக்கிறார்.

வரிக் கழிவு கேட்பவர்களுக்கு இன்னொரு விஷயம். சாதாரண ரசீது மட்டும் போதாது, நிறுவனம் வருமான வரித் துறையில் பதிவேற்றி எடுத்துக் கொடுக்கும் சான்றிதழ் வேண்டும், நிதியாண்டு முடிந்து மே 31க்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். ஜனவரியில் ஓட்டியவர்கள் மே வருவதற்குள் மறந்துவிடுகிறார்கள். போனில் இப்போதே ஒரு நினைவூட்டல் போட்டுவைத்து, மே நடுவில் அந்த அலுவலகத்துக்கு ஒரு முறை போன் செய்து, பட்டியலில் எல்லார் பெயரும் இருக்கிறதா என்று சரிபார்த்துவிடுங்கள்.